அக்காவுக்காக நான் எழுதிய தண்ணீர் மனு

அக்காவின் மகளுக்கு ஆறு வயதில் பின்பக்கக் கடைவாய்ப் பற்கள் முளைத்தன. விழுந்து முளைக்கிற பற்கள் அல்ல அவை. வந்தால் வந்ததுதான், ஆயுள் முழுக்க அவற்றை வைத்துத்தான் சாப்பிட வேண்டும். டென்மார்க்கின் விபோர்க் நகரில் சிறுவர் பல் மருத்துவ நிலையத்தில் உதவியாளராக இருக்கிற எனக்கு இது மனப்பாடம். அவளை மடியில் இருத்தி, ரோச் லைட் அடித்து, நான்கையும் எண்ணிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

அந்த மாதம்தான் கனடாவிலிருந்து ஒரு குரல்பதிவு வந்து சேர்ந்தது. தமிழ்ப் பள்ளிக்கூட அம்மாமாரின் வாட்ஸப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைட் கலக்கிறார்கள், அது பிள்ளைகளின் மூளையை மழுங்கடிக்கிறது என்று ஒரு பெண் அழாக்குறையாகச் சொன்னார். பல்லைப் பற்றிச் சொல்லியிருந்தால் எங்கள் ஆட்கள் காது கொடுத்திருக்க மாட்டார்கள். மூளை என்றதும் முடிந்தது. டொக்டர், எஞ்சினியர் என்று பிறந்த அன்றே தீர்மானித்து வைத்திருக்கிற பிள்ளைகள் அல்லவா.

அடுத்த கிழமையே அக்கா வீட்டில் போத்தல் தண்ணீர் அடுக்கடுக்காக வந்து இறங்கியது. பற்பசையும் மாறியது. ஃபுளோரைட் இல்லாத மூலிகைப் பசை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பல் அரித்துச் சூத்தையாகாமல் நாங்கள் பூசுகிற ஃபுளோரைட் பூச்சும் வேண்டாமென்று அக்கா எழுதி அனுப்பினாள். அந்தக் கடிதத்தைக் கோப்பில் போட்டவள் நான்.

"அக்கா, டென்மார்க்கில தண்ணிக்குள்ள ஒருத்தரும் ஃபுளோரைட் கலக்கிறேல்லை. அது கனடாக் கதை" என்றேன்.

"நீ அவையின்ர சம்பளம் வாங்கிறாய். அப்பிடித்தான் சொல்லுவாய்."

எனக்குக் கோபம் வந்தால் முதலில் அழுகைதான் வரும். அதனால் கிளம்பி வந்துவிட்டேன்.

பிறகு மனு. தண்ணீரில் ஃபுளோரைட் கலப்பதை நிறுத்தும்படி கொம்யூன் என்கிற நகரசபைக்கு ஒரு விண்ணப்பம், நாற்பது பெற்றோரின் கையெழுத்தோடு. டெனிஷில் எழுதித் தர ஆள் வேண்டும். எங்கள் ஆட்களுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் போனாலும் அது என் மேசையில்தான் வந்து விழும்.

"நீயே எழுதித் தா. நீ எழுதினால்தான் பிழை இல்லாமல் இருக்கும்" என்றாள் அக்கா.

கலக்காத ஒன்றைக் கலக்காதே என்று எழுதுவது பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். எழுதினேன். நான் கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு. கொம்யூனே பதில் அனுப்பட்டும், முத்திரை குத்தின கடிதத்தைக் கண்டால் இவர்கள் அடங்கிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

பதில் மரியாதையாக வந்தது. 'தண்ணீரில் நாங்கள் எதையும் சேர்ப்பதில்லை. நிலத்தடி நீரில் ஃபுளோரைட் இயற்கையாகவே சிறிதளவு உண்டு.' இரண்டு வசனத்தையும் ஒன்றும் விடாமல் தமிழாக்கி அக்காவிடம் கொடுத்தேன். அன்று பின்னேரமே குழுவில் நான் கையால் எழுதிய அந்தத் தமிழாக்கத்தின் படம் வந்தது. இரண்டாவது வசனத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"பாத்தியா? இருக்கெண்டு அவையே ஒப்புக்கொண்டிட்டினம்!" என்றாள் அக்கா.

அதுவரை பேசாமல் இருந்த வீடுகளும் அதன்பிறகு பற்பசையை மாற்றின. தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் ஒரு தகப்பன் என்னைத் தனியே கூப்பிட்டார். "தங்கச்சி, நீங்கள் சொல்றது சரியாயிருக்கும். எண்டாலும் எங்களுக்கொரு பயம்தானே" என்றார். அந்த மனிதரோடு சண்டை பிடிக்கக்கூட முடியவில்லை. அவருடைய பயம் உண்மையானது, அதற்கு ஆதாரம் என் கையெழுத்து.

அக்காவின் போத்தலில் ஒட்டியிருந்த தாளையும் ஒருநாள் காட்டினேன். அதிலும் பொடி எழுத்தில் ஃபுளோரைட் என்று இருந்தது. அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தாள். மறுநாள் வேறு போத்தல் வாங்கினாள். காலையும் மாலையும் பிள்ளைக்குக் கொடுக்கிற, சீனி அள்ளிப் போட்ட பால்தேத்தண்ணி மட்டும் மாறவில்லை. "அதையாவது குறை அக்கா" என்றதற்கு, "பிள்ளை எதைத்தான் குடிக்கிறது?" என்று சீறினாள்.

இரண்டு வருடத்தில் நான்கு பற்களிலும் சூத்தை விழுந்தது. மூன்றை அடைத்தோம். கீழே வலப்பக்கத்துப் பல் வேர்வரை போய்விட்டது. பிடுங்குவதைத் தவிர வழியில்லை என்று வைத்தியர் சொன்னபோது, அக்கா என் முகத்தைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்லி அதை மாற்றிவிடுவேன் என்று நினைத்தாளோ தெரியாது.

சித்தி பக்கத்தில் நின்றால்தான் கதிரையில் ஏறுவேன் என்றாள் பிள்ளை. நின்றேன். வாய் மரத்துப்போக விறைப்பூசி போட்ட கசப்பில் முகம் சுருங்கியது. கொப்பளிக்கக் கோப்பையில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, வேண்டாமென்று தலையாட்டினாள். வாயெல்லாம் கசப்பு, கண்ணில் நீர் முட்டுகிறது, ஆனாலும் குழாய்த் தண்ணீரைத் தொட மாட்டாள். தாய் சொன்னால் சொன்னதுதான். அவ்வளவு நல்ல பிள்ளை.

மூலையில் இருந்த அக்கா கைப்பையிலிருந்து போத்தலை எடுத்து நீட்டினாள். கோப்பையைக் கொட்டிவிட்டு, அந்தத் தண்ணீரை நானே ஊற்றிக் கொடுத்தேன்.

கொப்பளித்துத் துப்பிய பிறகு, பாதி விறைத்த வாயால் டெனிஷில் கேட்டாள்: "சித்தி, நான் ஒவ்வொரு நாளும் பல் தீட்டினேனே. பிறகு ஏன்?"

அக்காவுக்கு அந்த டெனிஷ் நன்றாக விளங்கும். தலை குனிந்து போத்தல் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நீ ஒரு பிழையும் செய்யவில்லை, ராசாத்தி" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் சொன்னாலும் அது அவளுடைய தாயைப் பற்றியதாக இருக்கும், அல்லது என்னைப் பற்றியதாக. வைத்தியர் பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்தார். பிள்ளையின் தலை அசையாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. பிடித்துக்கொண்டேன்.