எரிந்த தரையில் ஐந்து பேர்

வனவராகக் குற்றால மலையில் தீத்தடுப்புக் கோடு எரிக்கும் வேலையை முதன்முதலாக நான் பொறுப்பேற்று நடத்தினேன். கோடைக்கு முன்பே ஒரு பட்டைப் புல்லை நாமே எரித்துவிட்டால் காட்டுத்தீ அதைத் தாண்டாது.

பாதி எரித்தபோது காற்று திரும்பியது. இறங்கும் பாதையைத் தீ மறித்தது. மேலே செங்குத்துப் பாறை. உடன் வந்த வனக்காவலர்கள் நால்வரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"மேடம், ஓடிருவமா?" என்றார் மூத்தவர்.

"வேண்டாம் அண்ணாச்சி. எரிஞ்ச இடத்துக்கு வாங்க. அங்கன இனி எரிய ஒண்ணுமில்ல."

சூடு பூட்ஸுக்குள் ஏறியது. ஈரத்துண்டால் மூக்கைப் பொத்தி, நெருக்கியடித்து உட்கார்ந்தோம். எனக்கும் ஓடத்தான் தோன்றியது. ஆனால் பொறுப்பாளர் கடைசியாகத்தான் வெளியேற வேண்டும்.

புகை விலகியதும் நால்வரையும் முன்னே அனுப்பினேன். அவர்கள் இறங்கத் தொடங்கிய பிறகே நான் எழுந்து பின்னால் நடந்தேன்.