மூன்றாம் நிரலில் ஒரு சிவப்புக் கார்

பிலேந்திரன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் முருங்கன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். அவருடைய மனைவி செலின் அக்காதான் போன் எடுத்தார். “காலமை தேத்தண்ணி குடிச்சவர். கோப்பையை வைச்சிட்டுச் சாய்ஞ்சவர், பிறகு எழும்பேல்லை” என்றார். வந்த பஸ்ஸை விட்டேன். அடுத்ததையும் விட்டேன்.

வாகன வரிப்பத்திரம் கொடுக்கும் கந்தோரில் இருபது வருடம் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவன் நான். இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவரைச் சிடுமூஞ்சி கிளாக்கராகத்தான் தெரிந்திருக்கும். ஒரு எழுத்துப் பிழைத்தாலும் மறுநாள் வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். அதற்காக அவரை வாய்க்கு வந்தபடி திட்டியவர்கள் பலரை அடக்கத்தன்று சவக்காலையில் கண்டேன். அழுதுகொண்டுதான் நின்றார்கள்.

ஆனால் பென்சன் எடுத்தபின் அவர் செய்த வேலை சிலருக்கே தெரியும். தோட்டத்துரைமார் ஒரு காலத்தில் இங்கிலாந்திலிருந்து இறக்கிய ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உண்டு. இரண்டு பேர் மட்டும் இருக்கலாம், கூரையை மடித்து வைக்கலாம். அந்தக் காரை விரும்புகிறவர்கள் வெளிநாட்டில் சங்கம் வைத்திருக்கிறார்கள். இலங்கையில் இன்னும் எத்தனை மிஞ்சியிருக்கும், ஒரு உத்தேசம் சொல்ல முடியுமா என்று அவர்கள் பழைய வாகனப் பதிவு தெரிந்த பிலேந்திரனுக்கு எழுதிக் கேட்டார்கள். இவர் ஓம் என்றார்.

அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய தம்பி யூட்டிடம் அப்படி ஒரு கார் இருந்தது, சிவப்பு நிறம். பெற்றோல் இல்லாத சண்டைக் காலத்தில் அதை மண்ணெண்ணெயில் ஓட்டியவன் அவன். ஒருநாள் தாயாருக்கு மருந்து எடுக்க முருங்கனுக்குப் போனான். அவனும் வரவில்லை, காரும் வரவில்லை. இருபது வருடத்தில் பிலேந்திரன் இதை எனக்குச் சொன்னது ஒரே ஒரு தடவை.

ஒரு கொப்பியில் மூன்று நிரல் போட்டார்: இருக்கு, இல்லை, தெரியாது. பழைய பதிவுகளில் அகப்பட்ட பத்தொன்பது கார்களும் மூன்றாம் நிரலில் தொடங்கின. ‘இருக்கு’ என்று எழுத வேண்டுமானால், காரின் அடிச்சட்டத்தில் பொறித்த செசி நம்பர்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசி எடுத்துக்கொண்டு வரவேண்டும். ‘இல்லை’ என்று எழுத வேண்டுமானால், அது எரிந்ததையோ இரும்புக்கு வெட்டப்பட்டதையோ கண்டவரின் பெயர் வேண்டும். யார் வந்து என்ன சொன்னாலும் அவருடைய முதற் கேள்வி ஒன்றுதான்: “நீர் கண்டனீரோ, கேள்விப்பட்டனீரோ?”

நானும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பாப்பாமோட்டையில் ஒரு காரின் உடல் கோழிக்கூடாகக் கிடந்தது. முருங்கனில் ஒரு எஞ்சின் அரிசி மில்லில் ஓடியது. இரண்டு நம்பரையும் உரசி எடுத்து, இரண்டு கார் என்று பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பதிவைப் பார்த்தால் இரண்டும் ஒரே கார். “ஐசே, ஒரு ஆளை ரெண்டு இடத்தில அடக்கம் பண்ணிப்போட்டு வந்து நிக்கிறீர்” என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு, எஞ்சினை மட்டும் கண்டால் அது கார் ஆகாது என்று கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதினார்.

அந்த விதி அவருக்கே வினையாகியது. பெரியமடுவில், மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு கமக்காரர் பழைய கார் எஞ்சினில் தண்ணீர் இறைக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். பிலேந்திரன் தாளை வைத்து உரசினார். நம்பர் ஒவ்வொன்றாகத் தெரியத் தெரியக் கொப்பியில் இருந்ததோடு ஒத்துப்பார்த்தார். அப்படியே வரம்பில் இருந்துவிட்டார். “யூட்டின்ர” என்றார்.

“பழைய இரும்புக் கடையில வாங்கினதுங்க ஐயா” என்றார் கமக்காரர். “கடைக்காரரு இப்ப உசிரோட இல்லைங்க.”

நான் மடையன், சந்தோசப்பட்டேன். “அப்ப இருக்கு எண்டு எழுதுவம்” என்றேன்.

“எஞ்சின் கார் இல்லை ஐசே.”

“அப்ப இல்லை எண்டு எழுதும்.”

“ஆர் கண்டது?”

சங்கத்திலிருந்து திரும்பவும் எழுதினார்கள். முப்பது வருடம் ஒருவரும் காணாத காரை அழிந்ததாகவே எடுத்துக்கொள்வது வழக்கமாம். அது நியாயமாகத்தான் எனக்குப் பட்டது. “உத்தேசம்தானே கேக்கிறாங்கள். ஒண்டைத் தள்ளிவிட்டால் என்ன குறையப்போகுது?” என்று கேட்டேன். அவர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நான் காரைத்தான் சொன்னேன். ஆனால் யூட்டுக்கு மரணச் சான்றிதழ் எடுத்துவிடுங்கள் என்று எத்தனையோ பேர் அவரிடம் இதே குரலில் சொல்லியிருப்பார்கள். அந்த வார்த்தையை இன்று திரும்ப எடுக்க முடியாது. நெஞ்சில் கிடந்து அறுக்கிறது.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் செலின் அக்கா கொப்பியைக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். கடைசிப் பக்கத்தைப் பார்த்து அதிர்ந்துபோனேன். மூன்றாம் நிரலில் யூட்டின் காரைக் கோடிட்டு வெட்டியிருந்தார். நடுங்கிய எழுத்தில் அதை ‘இல்லை’ என்ற நிரலில் எழுதியிருந்தார். கண்டவரின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

“போறதுக்கு முதல் கிழமை எழுதினவர்” என்றார் அக்கா. “எனக்குப் பிறகு இவனை ஆர் தேடப்போறது எண்டு சொல்லிச் சொல்லி அழுதவர்.”

அந்த இடத்திலேயே வைத்து அந்த வரியை அழித்து, பழையபடி மூன்றாம் நிரலில் எழுதினேன். ஏழு இருக்கு, பதினொன்று இல்லை, ஒன்று தெரியாது என்று சங்கத்துக்கு எழுதி அனுப்பினேன். பிலேந்திரனிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொள்வது அந்த ஒன்றைத்தான். அவரை அறிந்த உங்களில் யாராவது அந்தச் சண்டை நாட்களில் முருங்கன் ரோட்டில் கூரை மடித்த ஒரு சிவப்புக் காரைக் கண்டிருந்தால், அதை ஓட்டிப்போனவனைக் கண்டிருந்தால், தயவுசெய்து என்னிடம் வந்து சொல்லுங்கள். இப்போது தேடுவது நான்.