பின்பக்கம் காலியா இருந்தா போதும்

அப்பா பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சாக்கில் சேர்த்து வைத்தது, அங்கங்கே சாப்பிட்ட பாயசத்தை மறக்க முடியாமல்தான் என்று நான் நம்பியிருந்தேன். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். அக்கா சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்.

வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில், கீழ்பென்னாத்தூருக்கு அருகே ஒரு கிராமத்தில் அப்பா பிறந்தார். பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. திருவண்ணாமலை மண்டிக்கு மல்லாட்டை என்னும் வேர்க்கடலை வண்டி ஓட்டியபோது, மூட்டைகளின் மேல் மையால் எழுதியிருந்த ஊர்ப் பெயர்களைப் பார்த்தே எழுத்துக் கற்றார். மீசை முளைக்கும் முன்பே ஊருக்காக மனு எழுதினார். குடிநீர்க் கிணறு கேட்டு வேலூர் கலெக்டருக்கு அனுப்பிய மூன்றாவது மனுவுக்குப் பதில் வந்தது. அந்தக் கிணற்றுக்கு இன்றும் மனுக்கிணறு என்றுதான் பெயர். பகலில் உழுதார், மாலையில் எழுதினார். என்ன எழுதுகிறார் என்று கடைசிப் பிள்ளையான நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

போன ஆண்டு, அப்பாவின் காரியத்துக்கு முன் செங்கம் சாலையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். அந்தச் சாக்கைப் பழைய பேப்பர் கடையில் போட்டேன். இடம் வந்துவிட்டதென்று பெருமை வேறு. மறுநாள், ஊருக்குப் போயிருந்த அக்கா திரும்பி வந்தார்.

"அப்பாவோட பத்திரிகை மூட்டை எங்கடா?"

"கடையில போட்டுட்டேன்க்கா."

"பின்னாடி திருப்பிப் பார்த்தியா?"

"முன்னாடியே நான் பார்க்கலக்கா."

அக்கா சிரிக்கவில்லை. "யுத்த காலத்துல பேப்பர் கிடைக்காம நோட்டீஸ் பின்னாடி எழுதிப் பழகுனவருடா அவரு. ஒவ்வொரு வீட்டுக் கதையையும் அந்தந்த வீட்டுப் பத்திரிகை பின்னாடி எழுதி வச்சாரு. அவரோட கதை உன் கல்யாணப் பத்திரிகையில இருக்கு. 'நான் போனப்புறம் நீயும் தம்பியும் சேர்ந்து படிங்க'ன்னாரு."

ஓடினேன். ஒரு காலில் என் செருப்பு, மறு காலில் மனைவியின் செருப்பு. அன்று பௌர்ணமி. ஆட்டோ நகரவில்லை. கிரிவலக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் ஓடியவனை ஓர் அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார். "சாமி, இப்படிச் சுத்தக் கூடாதுங்க, திரும்புங்க!"

"எங்கப்பா பேப்பர் கடையில இருக்காரும்மா!" என்றேன். சட்டென்று கையை விட்டுவிட்டார்.

கடை பாய் என் செருப்புகளைப் பார்த்தார். மூட்டையைக் கேட்டேன். "லாரி காலையிலயே போயிடுச்சுங்க" என்றார். தராசின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"சாமி படம் போட்டத மட்டும் நான் மில்லுல அரைக்க அனுப்பறதில்லீங்க. மனசு வராது. தனியா கட்டி வச்சிருக்கேன். ஜாஸ்தி இல்ல, ரெண்டு கட்டு."

பிள்ளையாருக்குப் பின்னால் அப்பாவின் பென்சில் எழுத்து. ஏரி உடைந்த ஆண்டில் எதிர்வீட்டார் தங்கள் விதைநெல்லையே குத்தி ஊருக்குக் கஞ்சி ஊற்றிய கதை. அடுத்தது முருகர். அடுத்தது அண்ணாமலையார். ஒவ்வொன்றாகத் திருப்பினேன். பாய் டீ வாங்கி வந்து வைத்தார். அது ஆறிப்போனது.

என் கல்யாணத்தின்போது அச்சகத்தில் நான் பிடித்த பிடிவாதம் அங்கே நினைவுக்கு வந்தது. "சாமி படமெல்லாம் பழைய ஃபேஷன். ரெண்டு ரோஜா போதும்." அச்சகக்காரர் அப்பாவைப் பார்த்தார். "அவன் இஷ்டங்க. பின்பக்கம் காலியா இருந்தா போதும்" என்றார் அப்பா.

கடைசி மாதங்களில் கண் மங்கிய பிறகும் அப்பா பென்சிலைக் கீழே வைக்கவில்லை. அப்போது அவரைத் தூக்கி உட்காரவைத்த அண்டை வீட்டாருக்கும், இரண்டு கட்டுகளைக் காத்துக் கொடுத்த பாய்க்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கிடைத்த பத்திரிகைகளை அந்தந்த வீட்டாரிடம் ஒப்படைக்கிறோம். இந்த நினைவு மலரை ஒருபுறம் மட்டுமே அச்சிட்டிருக்கிறோம். அப்பாவைப் பற்றி நீங்கள் அறிந்ததை மறுபுறம் எழுதி எங்களிடம் கொடுங்கள். நான் அறிந்தது மேலே 'வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில்' என்று தொடங்கும் அந்த ஒரு பத்திதான்.

ரோஜாப் பத்திரிகை அந்தக் கட்டுகளில் இல்லை. அது காலையிலேயே லாரியில் போய்விட்டது.