எதிரே நடந்தவரின் பெயர்

டிவி சூடேறும்போது அதன் முதுகிலிருந்து கிளம்பும் கருகிய தூசி வாசனைதான் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் காலையின் வாசனை. 1991-இல் எனக்குப் பதினோரு வயது. மரக்கதவு போட்ட அந்தக் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் ஓர் இந்தி உளவாளித் தொடர் வந்தது. மொழி புரியாதது ஒரு குறையாகவே தெரியவில்லை. அந்த உளவாளிக்கு வீடு கிடையாது, தாய் தகப்பன் கிடையாது, அவன் சாப்பிட்டுக்கூட நாங்கள் பார்த்ததில்லை. ஒரு கதவைத் திறந்து வருவான், வேலையை முடிப்பான், இன்னொரு கதவு வழியாகப் போய்விடுவான். "அவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சின்னு தெரிஞ்சா நான் பாக்கவே மாட்டேன்டி" என்பாள் அக்கா. சொல்லாமல் விட்டதையெல்லாம் வாரம் முழுக்க நாங்களே இட்டு நிரப்பிக்கொண்டிருந்தோம். அதுதான் அந்தத் தொடரின் ருசி.

அந்த ருசி நாக்கில் இருக்கும்போதுதான் எங்கள் மாடி அறைக்கு ஒருவர் வாடகைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், கையில் ஒரு ரெக்ஸின் பை, கேட்டதற்கு மட்டும் பதில். நான் அவருக்கு 'ஏஜென்ட்' என்று பெயர் வைத்து, கோடு போட்ட நோட்டில் தேதி, புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம் என்று கட்டம் கட்டி எழுதத் தொடங்கினேன். எங்கள் வீடு செங்கம் சாலையில், கிரிவலப் பாதையின் மேலேயே இருந்தது. பௌர்ணமி மாலைகளில் ஊரே மலையை வலமாகச் சுற்ற, அவர் மட்டும் கேட்டைத் தாண்டியதும் கூட்டத்துக்கு எதிராகத் திரும்பி, ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்த்தபடி நடப்பார். மூன்று பௌர்ணமிகளை எழுதி முடித்து, நான்காவது நெருங்கியபோது, பெருமையோடு நோட்டை அப்பாவிடம் நீட்டினேன்.

லாட்ஜ் லாட்ஜாக வெளியூர்க்காரர்களைப் போலீஸ் விசாரித்துக்கொண்டிருந்த வருஷம் அது. "மலைய இடமா சுத்துறவன் சாமி கும்புட வந்தவன் இல்ல" என்று அப்பா முடிவுகட்டினார். மறுநாள் காலை மாடியேறிப் போய், "தப்பா நெனைக்காதீங்க, காலம் சரியில்ல, ரூம காலி பண்ணிக்குங்க" என்றார்.

அவர் வாதாடவில்லை. பையோடு கேட்டுக்கு வந்தவரிடம் அக்காதான் வாய்விட்டுக் கேட்டாள்: "ஏன் சார் எதிர்ல சுத்துனீங்க?"

"கூடவே போனா முதுகுதாம்மா தெரியும். எதிர்ல போனாதான் மூஞ்சி தெரியும். எம்பையன் காவி கட்டிக்கினு இங்க சுத்துறான்னு சொன்னாங்க."

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?" என்றார் அப்பா. குரல் இறங்கியிருந்தது.

"யாரும் கேக்கலீங்க."

இருங்க என்று அப்பா சொல்லவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு நான்கு நாள் இருந்தது. அவர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்து போனார். அதற்கப்புறம் அவரை நாங்கள் பார்க்கவே இல்லை.

அந்த உளவாளித் தொடரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் நின்றுபோனது. டிவி பழைய சாமான்காரரிடம் போயிற்று. மாடி அறையை இடித்துக் கீழும் மேலும் கடைகளாக்கிவிட்டோம். அவர் பெயர் என்னவென்று பின்னொரு நாள் அப்பாவிடம் கேட்டபோது, "ரூம்காரருன்னுதான கூப்புடுவோம்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நோட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. புறப்பட்டதும் திரும்பியதும் நிமிஷக் கணக்கில் தெளிவாக இருக்கின்றன. பெயருக்கென்று நான் ஒரு கட்டம் போட்டிருக்கவே இல்லை.