பள்ளிக்கூடத்தில் வாங்கிய வாடகை

பான்ஷேத் அணை உடைந்து பூனாவுக்குள் வெள்ளம் புகுந்தது 1961-ல், ஆனி மாதக் கடைசியில். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. ராணுவக் கணக்கு ஆபீசில் குமாஸ்தா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. அந்த வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது வெள்ளம் வந்த மூன்றாம் நாள் நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றி. என் மனைவியைத் தவிர இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அதற்கு நான்கு வருஷம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும். ராஸ்தா பேட்டில் நாங்கள் குடியிருந்த வீடே விலைக்கு வந்தது. கீழே நாங்கள், மாடியில் இரண்டு குடித்தனம். பிராவிடண்ட் ஃபண்டில் வாங்கிய முன்பணம், மனைவியின் நகைகளை அடகு வைத்த பணம், ஊரில் இருந்த துண்டு வயலை விற்ற பணம் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கிவிட்டேன். மாதம் பிறந்தால் மாடியிலிருந்து இறங்கி வந்து வாடகையைக் கையில் வைப்பார்கள். ஆபீசில் யாரும் எனக்குத் தராத மரியாதை அது. அந்த ருசி எனக்குப் பிடித்துப்போயிற்று.

இரண்டு வருஷம் கழித்து ஒரு தரகர் வந்தார். சனிவார் பேட்டில் ஆற்றோரமாகப் பழைய வாடா ஒன்று மலிவாக வருகிறது என்றார். வாடா என்றால் நடுவில் முற்றம், சுற்றிலும் கீழும் மேலுமாக அறைகள், மரத்தூண்கள், தடித்த மண்சுவர்கள். பதினோரு குடித்தனங்கள் இருந்தன. கையில் பணமில்லை என்றேன். பணம் எதற்கு என்றார் அவர். ராஸ்தா பேட் வீட்டையும் வாங்கப்போகிற வாடாவையும் சேர்த்து அடமானம் வைத்தால் பவானி பேட்டில் ஒரு சேட் முழுத் தொகையும் தருவார். குடித்தனக்காரர்களே உங்கள் கடனை அடைத்துவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாடகை மாதம் நூற்று முப்பத்திரண்டு ரூபாய். வட்டியும் தவணையும் நூற்றுப் பதினைந்து. பதினேழு ரூபாய் மிச்சம், வாடாவும் ஒருநாள் நமக்கே சொந்தம்.

மனைவி மட்டும் கேட்டாள். "பதினோரு பேரும் மாசாமாசம் தவறாம தருவாகளா? ரெண்டு மாசம் வரலைன்னா இந்த வீடும்லா சேந்து போயிரும்?"

சிரித்துவிட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

முதல் வருஷத்திலேயே கணக்கு பிசகியது. எல்லா மாதமும் யாராவது ஒருவர் வாடகையை நிறுத்தி வைத்தார்கள். ஏற்றலாம் என்றால் சட்டம் விடவில்லை. முனிசிபாலிடி வரி, ஓடு மாற்றும் செலவு எதுவும் என் காகிதக் கணக்கில் இருக்கவில்லை. சம்பளத்திலிருந்து எடுத்துக் கட்டினேன். அதுவும் போதாமல் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கினேன்.

வாடாவின் கீழ்த்தளத்தில், ஆற்றைப் பார்த்த பின்னறையில் ஒரு பைண்டர் இருந்தார். ஒரு அச்சகத்தில் புத்தகம் தைக்கும் வேலை. மனைவி, இரண்டு குழந்தைகள், பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பா. மாதம் முதல் தேதி முதல் ஆளாகப் பன்னிரண்டு ரூபாயைக் கொண்டுவருவார். என்னிடம் அவர் கேட்டது ஒரே ஒன்றுதான். பின்சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கிறது, மழைக்கு முன்னால் பார்த்துவிடுங்கள் என்றார். கொத்தனாரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். முந்நூறு ரூபாய் ஆகும் என்றார். வட்டி கட்டியபின் என்னிடம் முப்பதுகூட இருக்காது. மழை முடியட்டும் என்று பைண்டரிடம் சொன்னேன். அந்த மழை முடிந்தது. நான் எதுவும் செய்யவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. அடுத்த மழைக்குத்தான் அணை உடைந்தது.

புதன்கிழமை காலை. ஆபீசுக்குச் சைக்கிளில் கிளம்பிக்கொண்டிருந்தேன். தெருவில் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு மேட்டைப் பார்த்து ஓடினார்கள். பாணி ஆலா, பாணி ஆலா என்று கத்திக்கொண்டே போனார்கள். தண்ணீர் வந்துவிட்டதாம். ராஸ்தா பேட் வரைக்கும் தண்ணீர் வரவில்லை. வாசலில் நின்றபடி நான் அன்று முழுவதும் நினைத்தது அந்த வாடாக் கட்டிடத்தை. அதற்குள் ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள் என்பது எனக்குச் சாயங்காலம்தான் உறைத்தது. அதுவும் என் மனைவி கேட்டதால்.

மறுநாள் தண்ணீர் வடிந்த பிறகு போனேன். முழங்கால் அளவு சேறு. வாடாவின் முன்பக்கம் பாதி நின்றது. பின்பக்கம் முழுக்க மண்மேடு. அதிலிருந்து இரண்டு தூண்கள் சாய்ந்து வெளியே தெரிந்தன.

வெள்ளிக்கிழமை காலை சேட்டின் கணக்குப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். பவானி பேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஏற்கெனவே ஒரு தவணை பாக்கி, இதுவும் தவறினால் பத்திரப்படி முழுத் தொகையையும் கேட்க வேண்டிவரும் என்று சேட் சொல்லச் சொன்னார் என்றார். கத்தவில்லை, மிரட்டவில்லை. மரியாதையாகச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். அந்த மாதம் நாலே பேர்தான் வாடகை தந்திருந்தார்கள். முதல் தேதி தவறாத பைண்டர்கூட அச்சகத்தில் சம்பளம் தாமதம் என்று சொல்லியிருந்தார்.

என் வாடாக்காரர்கள் எல்லாரும் ஒரு பள்ளிக்கூடத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். சட்டையை மாற்றிக்கொண்டு புறப்பட்டேன். குடிதண்ணீருக்காக ஏதோ ஒரு கிணற்றடியில் நின்றுவிட்டு அப்போதுதான் வந்த மனைவி எங்கே என்று கேட்டாள். எல்லாரும் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

வகுப்பறையில் பெஞ்சுகளை ஒரு மூலையில் அடுக்கிவிட்டுத் தரையில் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஈரத்துணி நாற்றம். பைண்டர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு, மேல்துண்டால் துடைத்து, என்னை உட்காரச் சொன்னார். அவர் பேசியது மராத்தியில்.

"உங்க வீட்டுல எல்லாரும் சௌக்கியமா, சாஹேப்? இந்த மூணு நாள்ல எங்களைத் தேடிக்கிட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான்."

அப்போதே திரும்பிப் போயிருக்கலாம். உட்கார்ந்தேன். அவர் தாமாகவே சொன்னார். தண்ணீர் முற்றத்துக்குள் வந்ததும் குழந்தைகளையும் மனைவியையும் மேட்டுத் தெருவில் விட்டுவிட்டு அப்பாவைத் தூக்கிவர ஓடியிருக்கிறார். தெருமுனை வரைக்கும்தான் போக முடிந்தது. மார்பளவு தண்ணீரில் நின்று பின்பக்கம் விழுவதைப் பார்த்திருக்கிறார். தண்ணீர் வடிந்ததிலிருந்து மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்.

"உங்களுக்குத்தானே அந்த வீடு நல்லாத் தெரியும்," என்றார். "அந்தச் சுவர் உள்பக்கமா விழுந்திருக்குமா, ஆத்துப்பக்கமா? எங்கே தோண்டறதுன்னு தெரியலை."

எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் சாயும் என்று கொத்தனார் அன்றைக்கே கையால் காட்டியிருந்தார். உள்பக்கம்தான் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

பிறகு நான் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. கஷ்டமான நேரம்தான், எனக்கும் நெருக்கடி, இந்த மாதத்து வாடகை ஏதாவது என்று இழுத்தேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. என் முகத்தையே பார்த்தார். புரிந்ததும் பார்வையைத் தரைக்குத் தாழ்த்திக்கொண்டார். வேட்டி முடிச்சை அவிழ்த்து எட்டு ரூபாய் எடுத்தார். நோட்டுகள் ஈரத்தில் ஒட்டிக்கிடந்தன. பிரித்து என் கையில் வைத்தார்.

"நாலு ரூபா பாக்கி, சாஹேப். அடுத்த மாசம் தந்துடறேன்."

அடுத்த மாதம் என்று ஒன்று அந்த வீட்டுக்கு இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நான் வாங்கிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு யாரிடமும் கேட்கத் தைரியமில்லாமல் வெளியே வந்தேன்.

வீட்டில் அந்த நோட்டுகளை மேஜையில் காயப்போட்டேன். ஏது என்று கேட்ட மனைவியிடம் பொய் சொல்ல முடியவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு நோட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள்.

"கொண்டு போயி அவுக கையில குடுத்துட்டு வந்திருங்க," என்றாள் கடைசியில். "நம்ம வீடு போனாப் போவுது."

நாளைக்குப் போகிறேன் என்றேன். மறுநாள் காலை அந்த எட்டு ரூபாயையும் வேறு ஒருவரிடம் வாங்கிய இருபதையும் சேட்டின் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்தேன். அன்று மத்தியானம் பைண்டரின் அப்பாவை எடுத்துவிட்டதாகத் தகவல் வந்தது. உள்பக்கம்தான் கிடந்தாராம். நான் போகவில்லை.

சுவரைச் சரிசெய்திருந்தாலும் அந்த வெள்ளத்தில் நின்றிருக்காது என்று பின்னால் பலர் சொன்னார்கள். இருக்கலாம். கல் கட்டிடங்களே விழுந்தன. ஆனால் இன்னும் ஐந்து நிமிஷம் நின்றிருக்குமா என்று நான் யாரைக் கேட்பது?

அந்த இருபத்தெட்டு ரூபாயால் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வருஷத்துக்குள் ராஸ்தா பேட் வீடு, வாடா நின்ற மனை இரண்டும் சேட்டுக்குப் போயின. அப்படியும் கடன் தீரவில்லை. கட்கியில் ஒற்றை அறைக்கு வாடகைக்குப் போனோம். புரோநோட்டுக் கடனை ரிட்டயர் ஆகும்வரை சம்பளத்தில் கொடுத்துக்கொண்டிருந்தேன். அடகு வைத்த நகைகள் திரும்பவே இல்லை. மனைவி அதைப்பற்றி ஒருநாளும் பேசியதில்லை. அந்த எட்டு ரூபாயைப் பற்றி மட்டும் இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறாள்.

தேடாமல் இல்லை. வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்குக் கட்டிய புதுக் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் விசாரித்தேன். அச்சகங்களில் கேட்டேன். கோல்ஹாபூர் போய்விட்டார் என்று ஒருவர் சொன்னார், பம்பாய் என்றார் இன்னொருவர். எட்டு ரூபாயைச் சட்டைப்பையில் தனியாக மடித்து வைத்துக்கொண்டுதான் அலைந்தேன். ஒரு மாதக் கடைசியில் வீட்டில் அரிசி இல்லை. அதுவும் செலவாகிப்போயிற்று. அதன்பிறகு தேடுவதை விட்டுவிட்டேன்.

அன்றைக்கு அந்தப் பணத்தை வாங்காமல் திரும்பியிருந்தாலும் இரண்டு வீடுகளும் போய்த்தான் இருக்கும். அது தெரிந்திருந்தும் எப்படிக் கை நீட்டினேன் என்பதை இத்தனை வருஷம் கழித்தும் எனக்கே என்னால் விளக்கிச் சொல்ல முடியவில்லை.