அரை நூல் இளக்கம்

தொண்ணூற்றொன்றில் எனக்கும் என் இடது முழங்காலுக்கும் ஒத்துப்போகவில்லை. ஒரகடம் கூட்ரோட்டில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து எழுந்த பிறகு அது என்னை நடக்க விட்டது, படியேற விட்டது. கிளட்ச் மிதிக்க மட்டும் விடவில்லை.

நானும் என் மனைவியின் தம்பியும் படப்பையில் ஒரு தகரக் கொட்டகைக்குள் கட்டிய பந்தயக் காரின் கிளட்ச் அது. இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே ஃபைபர் கூடு, உள்ளே விபத்தில் நொறுங்கிய காரிலிருந்து கழற்றிய இன்ஜின். பின்பக்கத்தை இரண்டு பேர் தூக்கி நகர்த்திவிடலாம், அவ்வளவு லேசு. கிளட்ச் மட்டும் லேசில்லை. பந்தயத்துக்கென்று முரட்டு ஸ்பிரிங் போட்டிருந்தோம். அதைக் கேபிள் வழியாக மிதித்து ஐந்தாறு முறை கியர் மாற்றினால் முழங்கால் வெடவெடக்கும்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதிதாகப் போட்டிருந்த தடத்தில் பந்தயம் வந்தது. ஓட்டுவதற்குப் பெயர் கொடுத்திருந்தவன் நான்.

"முடிலன்னா சொல்லு மாமா, நான் குந்திக்கிறேன்" என்றான் மச்சான், டீ ஆற்றிக்கொண்டே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் மோசமாக ஓட்டுகிறவனாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நன்றாக ஓட்டுவான், அதுதான் சிக்கல்.

மறுநாள் அவனே வந்து, "கேபிளத் தூக்கிப் போட்டுட்டு ஆயில் கிளட்ச்சா மாத்திடலாம், கால் பாரம் பாதியாப் பூடும்" என்றான். புதுப்பேட்டையில் அலைந்து பெடல் பக்கத்துக்கு எண்ணெய்க் கிண்ணத்தோடு மாஸ்டர் சிலிண்டரும், கியர்பாக்ஸ் பக்கம் கிளட்சைத் தள்ளுகிற சின்ன சிலிண்டரும் வாங்கினோம். பெடல் ஒரு தண்டைத் தள்ளும், தண்டு எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் கிளட்சைத் தள்ளும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் அதற்கான தாங்கியை வெட்டிப் பற்றவைத்துச் சரிபார்ப்பதற்குள் நான் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்து அவன் உயிரை எடுத்தேன். "போய்ட்டு வூட்ல குந்து மாமா, நீ நின்னா கை ஓடல" என்று விரட்டினான். வீட்டில் உட்கார முடியுமா? தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன்.

குழாயிலிருந்த காற்றையெல்லாம் வெளியேற்றிவிட்டு முதன்முதலில் மிதித்தபோது பெடல் பஞ்சு மாதிரி இறங்கியது. முழங்கால் மூச்சே விடவில்லை. அன்றைக்குச் சோறுகூட இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

பந்தயத்துக்கு முதல் நாள் பயிற்சி ஓட்டம். இரண்டு சுற்று அருமையாக ஓடியது. மூன்றாவதில் இன்ஜின் அலறுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. கிளட்ச் வழுக்குகிறது. ஓரங்கட்டி ஆறவிட்டால் சரியாகிறது, சூடேறினால் மறுபடி அதே கதை. பெடலைப் பூட்டியவன் அவன். வண்டி சொதப்பினால் நான் இறங்க வேண்டும், அவன் ஏறிக்கொள்வான். என் புத்தி நேராக அங்கே போனது.

"நான் ஓட்டக் கூடாதுன்னுதானே இப்படிப் பூட்டி வெச்சிருக்கே?"

அவன் கையிலிருந்த ஸ்பேனரை சீட்டில் வைத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டான்.

நான் வண்டிக்கடியில் படுத்தேன். காற்று வெளியேற்றும் திருகை லேசாகத் திறந்ததும் எண்ணெய் பீய்ச்சியடித்தது. பெடலில் யாருமே கால் வைக்கவில்லை. அப்படியென்றால் உள்ளே எதுவோ ஓயாமல் அழுத்திக்கொண்டிருக்கிறது. பெடலுக்குக் கீழே தலையை நுழைத்துப் பார்த்தேன். தண்டை ஒரு மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் முட்ட முட்டத் திருகி வைத்திருந்தான். தண்டு உள்ளேயிருக்கும் துளையை அடைத்தபடி நின்றதால், சூட்டில் பெருத்த எண்ணெய்க்குக் கிண்ணத்துக்குத் திரும்ப வழியில்லை. அது கிளட்சைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. கேபிளை நாங்கள் அப்படித்தான் கட்டுவோம். இறுக்கிக் கட்டினால் இரண்டு சுற்றில் அது நீண்டு, தனக்கு வேண்டிய இளக்கத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். தண்டு எங்கே நீளும்?

தண்ணீர்த் தொட்டியருகே போனேன். "ஏண்டா தண்டுக்கு ப்ளே விடல, கொஞ்சங்கூட இளக்கமில்ல?"

"ப்ளே வுட்டா அந்த அளவு நீ அதிகமா மிதிக்கணும் மாமா" என்றான், முகத்தைக் கழுவிக்கொண்டே. "உன் முட்டிக்கு எதுக்குன்னு பாத்தேன்."

அவமானமாக இருந்தது. அவனைக் கூட்டிவந்து தண்டைக் காட்டினேன். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான். குப்புறப்படுத்து அரை நூல், ஒன்றரை மில்லிமீட்டர்தான், இளக்கம் வைத்தான். இன்னும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க நேரமிருந்தது. ஹெல்மெட்டை அவனிடம் நீட்டினேன்.

"நீ ஓட்டு. நாளைக்கும் நீயே ஓட்டு."

"முட்டி வலிக்குதா?"

"வலிக்கல."

"எனக்கு ஓட்டணும்னா கேபிளே போதும் மாமா. இத உன் காலுக்குத்தான் மாத்துனது" என்று ஹெல்மெட்டை என் தலையில் கவிழ்த்தான்.

உட்கார்ந்தேன். தோள் பெல்ட்டை மட்டும் அவன் பழைய வழக்கப்படியே, துளி இளக்கம் விடாமல் இழுத்துக் கட்டினான்.