குறிப்புக்குள்ள கெடந்த என் பேரு

மரியநாதபுரத்துல சகாயராணியைப் பத்தி யார்கிட்டக் கேட்டாலும் ஒரே பேச்சுதான். அந்தம்மா கை வச்ச கல்யாணம் கெட்டதே கெடையாது. இருபத்தாறு வருசத்துல இருநூறு கல்யாணத்துக்கு மேல முடிச்சு வச்சவங்க. ஒண்ணுகூட கோர்ட்டுப் படி ஏறினதில்ல. நானும் அதைப் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவதான். ஏன்னா அவங்க என் ஞானத்தாய். எனக்கு ஞானஸ்நானம் குடுத்தப்ப என்னைக் கையில ஏந்திக்கிட்டு நின்னவங்க. ராணிம்மான்னுதான் கூப்பிடுவேன். இப்ப அந்தப் பேரை எடுத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது.

டீச்சரா இருந்தவங்க. வீட்டுக்காரர் பவுல்ராஜ் மாமா கல்யாணமான மூணாம் வருசமே போய்ச் சேந்துட்டாரு, பிள்ளையும் இல்ல. கூட வேலை பாத்த டீச்சர் ஒருத்திக்கு எடம் பாத்துக் குடுக்கப் போயி, அதுவே தொழிலாப் போச்சு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சா, கோயில் வாசல்ல அவங்களைச் சுத்தி பயோடேட்டா கவரோட பத்துப் பேராவது நிப்பாங்க. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லாமக் கொள்ளாமப் போயி நிப்பாங்க. குடிக்கத் தண்ணி கேட்டு, பேசிக்கிட்டே அடுப்படி வரைக்கும் எட்டிப் பாத்துருவாங்க. "மருமக நின்னு வேலை பாக்கப் போற எடத்தைப் பாக்காம என்னத்தடி எடம் பாக்குறது?" அப்படிம்பாங்க. அம்புட்டு உஷாரு.

எனக்குப் பதிமூணு வயசுல ரெண்டு தடவ வலிப்பு வந்துச்சு. ரெண்டு தடவையும் என்னை ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனது ராணிம்மாதான். மூணு வருசம் மாத்திரை. அப்புறம் டாக்டரே நிப்பாட்டச் சொல்லிட்டாரு. இப்ப எனக்கு இருபத்தொம்பது, ஒரு தலைவலிகூட வந்ததில்ல. கல்யாணப் பேச்சு எடுத்தப்ப நான் தெளிவாச் சொன்னேன்: "ராணிம்மா, இதை நான் மறைக்கப் போறதில்ல. ஆனா பாக்க வர்றவர்கிட்ட நானே நேருல சொல்லிக்கிறேன். நீங்க யார்கிட்டயும் வாயைத் தொறக்கக் கூடாது." என் தலையில கை வச்சு, "மாதா சத்தியமாச் சொல்ல மாட்டேன்"னாங்க.

அதுக்கப்புறம் நாலு வருசம். "ஒரு எடமும் தகையலடி நான்சி. உனக்குன்னு ஒருத்தன் எங்கேயோ பெறந்திருப்பான், பொறு"ன்னு சொல்வாங்க. நானும் பொறுத்தேன். வீட்டுலயே உக்காந்து கம்பெனிகளுக்கு வெப்சைட் வேலை பண்ணிக் குடுத்துக்கிட்டு, ஒருத்தர்கூட என்னைக் கேக்கலையேன்னு கண்ணாடி முன்னாடி நின்னு என் மூஞ்சியைக் கொறை சொல்லிக்கிட்டுக் கெடந்தேன். என்ன மூஞ்சி, நல்லாத்தான் இருக்கு!

இந்தத் தவக்காலத்துல ராணிம்மா வந்து நின்னாங்க. அவங்க நடத்துற கல்யாணத் தகவல் மையத்துக்கு அஞ்சு வருசம் முன்னாடி யாரோ ஒரு அப்ளிகேஷன் கட்டிக் குடுத்திருந்தாங்க. அதுல பதிவு நம்பர் போட்டாத்தான் ஆளு வரும். சாணார்பட்டிப் பக்கம் டீச்சர் பொண்ணு வேணும்னா அம்போதான். "எடம் பாக்குற தாய்மாருக எல்லாம் தேட முடியலைன்னு எனக்கே போன் பண்றாளுக. நெனச்ச வார்த்தையைப் போட்டா வர்ற மாதிரி பண்ணிக் குடுடி"ன்னாங்க. எனக்கு அதுக்கு மேல என்ன வேணும்? வேற வேலையைத் தள்ளி வச்சுட்டு உக்காந்தேன்.

இதுக்குன்னே வெளியில கம்பெனிங்க இருக்கு. நம்ம பதிவுகளை அவங்களுக்கு அனுப்பிட்டா, ஒவ்வொரு வார்த்தையையும் பிரிச்சு, எது எங்க இருக்குன்னு அடுக்கி வச்சுக்குவாங்க. நம்ம பக்கத்துல தேடறதுக்கு ஒரு பெட்டி வச்சாப் போதும். ரெண்டு எழுத்து தட்டறதுக்குள்ள வந்து நிக்கும். எந்தெந்தக் கட்டத்துக்குள்ள தேடணும்னு நாமதான் சொல்லணும். பேரு, ஊரு, படிப்பு, வேலை, அப்புறம் குறிப்பு. அந்தக் குறிப்புங்கறது ராணிம்மா மட்டும் எழுதி, ராணிம்மா மட்டும் பாக்குற கட்டம். அதை அனுப்பியிருக்கவே கூடாது. முதல்ல எல்லாத்தையும் அனுப்பிப் பாப்போம், வேண்டாததை அப்புறமா எடுப்போம்னு மொத்தமா அனுப்பிட்டேன். சோம்பேறித்தனம், வேற என்ன? என் கம்ப்யூட்டர்ல மட்டும் ஓடுற சோதனைப் பக்கம்தானேங்கற தைரியம்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து பெட்டியைச் சோதிச்சேன். இந்த வேலை பாக்குற எல்லாரும் முதல்ல தன் பேரைத்தான் தட்டிப் பாப்போம். 'நான்சி'ன்னு தட்டினேன். என் பதிவு ஒண்ணு மட்டும் வரும்னு பாத்தா, அதுக்குக் கீழ இன்னும் ஏழு பதிவு இருக்குன்னு காட்டுச்சு. அதுல முதல்ல அஞ்சு வந்து நின்னுச்சு. அஞ்சும் மாப்பிள்ளைங்க.

ஒவ்வொருத்தன் குறிப்புலயும் என் பேரு மஞ்சளா மின்னுது. "நான்சியைக் கேட்டாங்க. வலிப்பு விவரம் சொன்னேன். வேண்டாம்னுட்டாங்க." அடுத்ததுலயும் அதே. மூணாவதுல, "நான்சி போட்டோ பாத்து ரொம்பப் பிரியப்பட்டாங்க. விவரம் சொன்னதும் பின்வாங்கிட்டாங்க." யாருமே கேக்கலைன்னு சொன்னாங்களே! அடிப்பாவி, இத்தன பேரு கேட்டிருக்காங்களே!

அஞ்சைப் படிச்சதுக்கே தாங்கல. 'மேலும் காட்டு'ன்னு இருந்ததைத் தொடக்கூட இல்ல. ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டு நேரா அவங்க வீட்டுக்குப் போனேன். சின்னாளப்பட்டிச் சேலையைக் கஞ்சி போட்டுக் காயவச்சுக்கிட்டு இருந்தாங்க. "வா புள்ள, சாப்டியா?"ன்னாங்க.

"எத்தனை பேர்கிட்ட ராணிம்மா சொன்னீங்க?"

எதைன்னுகூடக் கேக்கல. சேலையைக் கொடியில போட்டு ரெண்டு ஓரத்தையும் இழுத்து விட்டாங்க. அப்புறம் சொன்னாங்க: "பின்ன? நாளைக்கு மண்டபத்துல மாலையும் கழுத்துமா நீ விழுந்தா, சகாயராணி மறைச்சுட்டாள்னுதானடி ஊரு பேசும்?"

"நானே சொல்லிக்கிறேன்னு சொன்னேனே."

"நீ சொல்லி, அவன் உன் மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போறதை நீ தாங்குவியா? ஒரு தடவ இல்ல, ஏழு தடவ! அதெல்லாத்தையும் உனக்குத் தெரியாம நான் வாங்கிக்கிட்டேன். ஒருத்தனுக்குக்கூட மனசு வரலடி. நான் என்ன செய்ய?"

அழுதுட்டாங்க. எனக்கும் அழுகை வந்துருச்சு. கோவம் போகல. ஆனா அந்த ஆட்டோவுல என் தலையை மடியில போட்டுக்கிட்டு ஜெபம் சொன்ன அதே மொகம். எனக்காகத்தான் செஞ்சிருக்காங்க, புத்தி கெட்டுப் போயி செஞ்சிருக்காங்கன்னு மனசைத் தேத்திக்கிட்டு, அவங்க குடுத்த காப்பியைக் குடிச்சுட்டு வந்தேன். அதுதான் நான் பண்ணின மடத்தனம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா அந்தக் குறிப்புக் கட்டத்தை வெளியில இருந்து எடுக்கணும்னு உக்காந்தேன். என் கதைன்னா பரவாயில்ல. அதுக்குள்ள எத்தனை குடும்பத்துக் கதை கெடக்கோ. தேடின பக்கம் அப்படியே தொறந்திருந்துச்சு. மிச்சம் ரெண்டு பதிவு. மேலும் காட்டுன்னு அமுக்கினேன். ஆறாவதும் மத்ததைப் போலத்தான்.

ஏழாவது ஆண்டனிராஜ். தொப்பம்பட்டிப் பக்கம் ஸ்கூல் வாத்தியார். குறிப்பு இதுதான்: "நான்சியைக் கேட்டாங்க. விவரம் சொன்னேன். அதனால என்ன, எங்க அக்காவுக்கும் இருந்துச்சு, நல்லாத்தான் இருக்கான்னு பையன் சொல்றான். தாயாருக்கும் சம்மதம். ரெண்டு தடவ போன் பண்ணிட்டான். பொண்ணுக்கு இஷ்டமில்லைன்னு சொல்லி நானே முடிச்சுட்டேன்." அதுக்குக் கீழ, "வேற எடத்துல கல்யாணம் ஆயிருச்சு."

மூணு வருசத்துக்கு முந்தின தேதி. அந்த மாசம் என் பொறந்த நாளுக்கு வந்து, "பொறு"ன்னு நெத்தியில சிலுவை போட்டுட்டுப் போனாங்க.

போன் போட்டேன். ஹலோகூடச் சொல்லல. அவங்க எழுதினதை, ஒரு எழுத்து விடாம, அவங்களுக்கே வாசிச்சுக் காட்டினேன்.

"நல்ல பையன்தாண்டி," அப்படின்னாங்க. "அவன் இப்ப சரிம்பான். பத்து வருசம் கழிச்சு ஒண்ணு ஆச்சுன்னா? இதுவரைக்கும் என் கல்யாணம் ஒண்ணுகூட கெட்டதில்ல நான்சி. உன்னுது கெட்டுப் போயி, அந்தப் பேரு போச்சுன்னா எனக்கு வேற என்ன இருக்கு?"

என் தலையை மடியில போட்டு ஜெபம் சொன்ன அந்தம்மா எங்க போனாங்கன்னு எனக்குத் தெரியல. போனைக் காதுல வச்சுக்கிட்டே குறிப்புக் கட்டத்தைத் தேடல்ல இருந்து எடுத்தேன். அந்தக் கம்பெனிகிட்ட இருந்ததையும் மொத்தமா அழிச்சேன்.

"தேடுற பெட்டி ரெடி," அப்படின்னேன். "நீங்க எழுதினது எதுவும் இனிமே யாருக்கும் ஆப்புடாது. உங்க பேரு பத்திரமா இருக்கும், டீச்சர்."